கண் சிமிட்டும் பேய்!

நமது நாட்டில் ஒரு பிள்ளை ஓயாமல் கண்ணைச் சிமிட்டினாலும், கழுத்தை வெட்டி இழுத்தாலும், தோளைக் குலுக்கினாலும், சளியில்லாமலே தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தாலும் அதற்குக் காரணம் சொல்லுவதற்கு ஆள் பஞ்சம் என்பது எந்த ஊரிலும் கிடையாது. வாத்தியாரைக் கேட்டால் திமிர் என்பார். பாட்டியைக் கேட்டால் காத்துக் கருப்பு என்பாள். ஜோசியரைக் கேட்டால் சனி பார்க்கிறான் என்பார். பூசாரியைக் கேட்டால் சுடுகாட்டு வழியாய்ப் போனபோது ஒன்று தொற்றிக்கொண்டது என்பார். அது ஆணா பெண்ணா, என்ன ஜாதி, எப்படிச் செத்தது என்கின்ற விபரங்களைக்கூடத் தயாராய் வைத்திருப்பார். (செத்த பிறகும் ஜாதி போகவில்லை பாருங்கள்!) தகப்பனைக் கேட்டால் அவள் கொடுத்த செல்லம் என்பான். தாயை மாத்திரம் யாரும் கேட்பதில்லை. ஏனெனில் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டிருப்பவளே அவள்தான். பிள்ளையையோ கேட்பது என்கின்ற வழக்கமே நம்மிடம் இல்லை.

இந்தக் கோளாறுக்கு வைத்திய நூல்களில் 'டிக்' என்று பெயர். கடிகாரத்து டிக் டிக்கிற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிரெஞ்சுப் பாஷையிலிருந்து வந்த வார்த்தை. நாமும் இதற்குப் பெயர் வைக்காமல் இல்லை. சேட்டை, கோணங்கித்தனம், பேய்க்குணம் என்று வசவுகளாக வைத்திருக்கின்றோம். திடீரென்று, பட்டென்று, ஒரே மாதிரியாய், திரும்பத் திரும்ப வரும் அசைவு அல்லது சப்தம் என்பதே இதன் லட்சணமாகும். அநேகமாய் நாலு வயதிற்கும் ஏழு வயதிற்கும் நடுவில் கண்ணிலோ முகத்திலோ ஆரம்பிக்கின்றது. பிறகு கழுத்து, தோள், கை என்று இறங்கலாம். கனைப்பு, உறிஞ்சல், சின்னக் கூவல் சேர்ந்துகொள்ளலாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் நூற்றுக்கு 20 பேர் வரையில் ஏதாவது ஒரு காலத்தில் இப்படிக் கொஞ்ச நாள் இருந்து, ஒரு வருஷத்திற்குள் தானாகவே விட்டுப் போகின்றது. அசைவு இரண்டுக்குக் குறையாமலும் சப்தம் ஒன்றாவதும் வந்து, ஒரு வருஷத்திற்கு மேல் நீடித்தால் அதற்கு 'டூரெட்' வியாதி என்று பெயர். இது பிள்ளைகளில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்றுக் குறைவாய்க் காணப்படுகின்றது. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு மூன்று நாலு மடங்கு அதிகம். அதாவது ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் நாலைந்து பிள்ளைகளாவது இருக்கத்தான் இருக்கும். அத்தனை பேரும் சுடுகாட்டு வழியாய்ப் போனவர்களா?

கண் துடித்தால் பலன் பார்ப்பது நமது பெரியோர்கள் கண்டுபிடித்த சாஸ்திரங்களில் ஒன்று. ஆணுக்கு வலது கண் துடித்தால் லாபம், பெண்ணுக்கு இடது கண் துடித்தால் நன்மை என்கிறார்கள். ஒரு தடவை துடித்ததற்கே லாபம் உண்டென்றால், நாளொன்றுக்கு ஆயிரம் தடவை வலது கண் வெட்டுகின்ற பையன் இந்நேரம் நாலு ஊருக்கு மிராசுதாராய் இருக்கவேண்டாமா? அவனுக்குக் கிடைப்பதெல்லாம் பெஞ்சின் மேல் நிற்கும் உத்தியோகந்தானே!

முதலில் வாத்தியார்களின் கட்சியைக் கவனிப்போம். "நான் அதட்டினால் இரண்டு நிமிஷம் நிறுத்துகிறான். ஆகையால் வேண்டுமென்றேதான் செய்கிறான்" என்பது அவர்கள் வாதம். கேட்பதற்கு நியாயம் போலத் தோன்றும். இதை வாசிக்கின்ற தோழர்கள் ஒரு காரியம் செய்து பார்க்கட்டும்: இந்தப் பாராவை வாசித்து முடிக்கும்வரை கண்ணை இமைக்காமல் இருக்கட்டும். கொஞ்ச நேரம் முடியும். பிறகு கண்ணில் ஒரு எரிச்சல் ஏறும். இமைத்தால்தான் ஆகும் என்கின்ற முட்டல் வரும். இமைத்தவுடன் அப்பாடா என்று இருக்கும். இந்த வியாதியுள்ள பிள்ளைகளில் பலர், குறிப்பாய்ப் பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள், தங்கள் கழுத்திலும் தோளிலும் இதே முட்டலைத்தான் சொல்லுகின்றார்கள். தும்மலைச் சபையில் அடக்கிப் பார்த்தவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. அடக்கலாம், ஆனால் அடக்கிக்கொண்டே இருக்க முடியாது. அடக்குகின்ற பிள்ளைக்குப் பாடத்தில் புத்தி போகாது. பகல் முழுவதும் பள்ளிக்கூடத்தில் அடக்கி வைத்தவன் சாயங்காலம் வீட்டுக்குள் கால் வைத்ததும் கொட்டித் தீர்ப்பான். "பள்ளிக்கூடத்தில் ஒழுங்காய் இருக்கிறான், நம்மிடம்தான் வேஷம் போடுகிறான்" என்று அங்கேயும் இரண்டு விழும். நிறுத்து, நிறுத்து என்று சொல்லச் சொல்ல அது அதிகமாகத்தான் ஆகுமேயொழியக் குறையாது. 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் 17-வது பிரிவில் பிள்ளையை அடிப்பதும் மனம் நோகச் செய்வதும் கூடாதென்று எழுதப்பட்டிருக்கின்றது. எழுதியிருப்பதை வாத்தியார்களே வாசிக்காவிட்டால் வேறு யார் வாசிப்பது?

நிற்க, பேய்க் கட்சிக்காரர்களை நாம் சில கேள்விகள் கேட்க ஆசைப்படுகின்றோம். பையன் அயர்ந்து தூங்கும்போது துடிப்பு பெரும்பாலும் அடங்கிவிடுகின்றதே, பேயும் பாய் விரித்துப் படுத்துக்கொள்கின்றதா? பம்பரம் விடும்போதும், மனதுக்குப் பிடித்த பாட்டைப் பாடும்போதும் வெகுவாய்க் குறைகின்றதே, பேய்க்கும் பாட்டு ருசி உண்டா? பரீட்சை என்றால் அதிகமாகின்றதே, பரீட்சை எழுதுவது பையனா பேயா? அன்றியும், திருவிழாவில் ஒருவருக்கு உடம்பு ஆடினால் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கையெடுத்துக் கும்பிட்டுக் குறி கேட்கின்றீர்கள். பள்ளிக்கூடத்துப் பையனுக்குக் கழுத்து ஆடினால் வேப்பிலையால் அடிக்கின்றீர்கள். இன்னது சாமி, இன்னது பேய் என்று கண்டறியும் கருவி என்ன?

மூளைக்குள்ளே நடப்பதை ஒரு விவசாயிக்கு ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். மடை. நாம் ஓர் அசைவைச் செய்யும்போதெல்லாம் வேண்டிய அசைவைத் திறந்து விட்டு, வேண்டாதவற்றை அடைத்து வைக்கின்ற வேலையை மூளையின் உட்பகுதியிலுள்ள சில நரம்பு முடிச்சுகளும் அவற்றோடு சேர்ந்த பாதைகளும் செய்கின்றன. அந்த மடைப் பலகை சரியாய் இறங்காதபோது கூப்பிடாத அசைவு கசிந்து வருகின்றது. புத்திக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது பைத்தியமும் அல்ல. ஆனால் இதோடு கூட ஓரிடத்தில் உட்கார முடியாத குணம், கவனம் நில்லாமை, கையைத் திரும்பத் திரும்பக் கழுவுவது போன்ற விடாப்பிடி எண்ணங்கள் ஆகியவை வருவதுண்டு. டூரெட் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு மேல் கவனக் கோளாறு காணப்படுகின்றது. பல பிள்ளைகளுக்குக் கண் சிமிட்டலைவிட இவையே பெரிய உபத்திரவம். கெட்ட வார்த்தை தானாய் வாயில் வருவதுதான் இந்த வியாதி என்று சினிமாக்காரர்கள் செய்துவைத்த அபிப்பிராயம் தப்பு. அது நூற்றில் 10, 15 பேருக்கே வருகின்றது. குடும்ப வழியாய் வருவதும் உண்டு. மாமியார் மருமகளைக் குற்றம் சொல்லுமுன் தன் மகன் எட்டு வயதில் மூக்கை எப்படிச் சுளித்துக்கொண்டிருந்தான் என்பதைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பார்ப்பது நல்லது. கிரகணத்தன்று வெளியே வந்தாள், முன் ஜென்மத்துப் பாபம் என்பனவெல்லாம் பெண்ணின் தலையில் கட்டுவதற்கென்றே தயார் செய்யப்பட்ட மூட்டைகள்.

இனி விஷயத்தின் உயிர்நிலைக்கு வருவோம். இவ்வளவு கேள்விக்கும் பதில் இல்லாதிருந்தும் பூசாரியின் வியாபாரம் ஏன் படுக்கவில்லை? "எங்கள் பிள்ளைக்கு மந்திரித்த பிறகு குறைந்தது, கண்ணால் கண்டோம்" என்று யோக்கியமான ஜனங்களே சொல்லுகின்றார்களே, அவர்கள் பொய்யர்களா? அல்லவே அல்ல. அவர்கள் கண்டது உண்மை. கண்டதற்குக் கற்பித்த காரணந்தான் பொய்.

எப்படியெனில், இந்த வியாதியின் சுபாவமே ஏறி இறங்குவதாகும். சில வாரம் பொங்கும், சில வாரம் அடங்கும். கண் போய்க் கழுத்து வரும், கழுத்து போய்க் கனைப்பு வரும். எட்டு வயதுப் பையன் ஒருவனை வைத்துக்கொள்வோம். ஆனியில் பள்ளிக்கூடம் திறந்ததும் சிமிட்டல் அதிகமாகின்றது. ஆடியில் கழுத்தும் சேர்கின்றது. ஆவணியில் ஒரு கல்யாண வீட்டில் நாலு பேர் பார்த்துச் சிரிக்கின்றார்கள். பெற்றோருக்கு அன்றைக்குத்தான் பொறுக்க முடியாமற் போகின்றது. மறுநாளே வண்டி கட்டுகின்றார்கள். அதாவது, வியாதி உச்சியில் நிற்கின்ற நாளாய்ப் பார்த்துத்தான் எவனும் பூசாரியைத் தேடுகின்றான். அடங்கியிருக்கும்போது யார் தேடுவார்கள்? உச்சிக்குப் போனது அடுத்தபடி என்ன செய்யும்? இறங்கத்தானே செய்யும்! புரட்டாசியில் இறங்குகின்றது. தாயத்துக்குப் புகழ். மார்கழியில் மறுபடியும் ஏறினால், "வீட்டில் தீட்டுப் பட்டுவிட்டது, கிடாய் நேர்ந்து வெட்டாமல் விட்டீர்கள்" என்று குற்றம் உங்கள் மேல். குறைந்தால் சாமி, கூடினால் நீ! இதைப்போல நஷ்டமே வராத வியாபாரம் எந்த மளிகைக் கடைக்காரனுக்காவது உண்டா? இதற்கும் மேலாக, டிக் என்பது பத்து முதல் பன்னிரண்டு வயதில் கடுமையாகி, அதற்குப் பிறகு பெரும்பாலோருக்குப் படிப்படியாய்க் குறைகின்றது. வயது வந்தபின் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இல்லாமலே போகின்றது. இன்னும் ஒரு பங்கினருக்கு வெகுவாய்க் குறைகின்றது. மீதிப் பேருக்கு நீடிக்கின்றது. ஏழு வருஷம் விடாமல் மொட்டையடித்துக் காது குத்தியவன் "கடைசியில் சாமி கண் திறந்தது" என்கின்றான். கண் திறந்தது பையனின் பதினாறு வயது.

இந்த லாபம் பூசாரிக்கு மாத்திரம் என்று நினைக்கவேண்டாம். ஓதிப் பார்க்கின்ற ஹஜரத்துக்கும், தலையில் கை வைத்து ஜெபிக்கின்ற போதகருக்கும், 'நரம்புத் தளர்ச்சி' என்று சுவரெல்லாம் விளம்பரம் எழுதி டானிக் விற்கின்றவருக்கும் இதே ஏற்ற இறக்கந்தான் முதலாளி.

சீமையிலும் இந்தக் கூத்து நடந்திருக்கின்றது. ஒரு கிறிஸ்தவ சன்னியாசி எழுதி 1486-87-ல் ஜெர்மனியில் அச்சான 'சூனியக்காரிகளின் சம்மட்டி' என்னும் புஸ்தகத்தில், கோயிலைக் கடந்து மண்டியிடும்போதெல்லாம் நாக்கை வெளியே நீட்டிவிடுகின்ற பாதிரி ஒருவரைப் பற்றி எழுதியிருக்கின்றது. ஏன் என்று கேட்டால் என்னால் அடக்க முடியவில்லை என்றாராம். பிசாசு என்று முடிவு செய்து மந்திரம் போட்டார்கள். அவருக்கு இந்த வியாதிதானோ என்று இக்காலத்து வைத்தியர்களில் சிலர் யோசிக்கின்றார்கள். 1755-ல் இங்கிலீஷுக்கு அகராதி செய்த சாமுவேல் ஜான்சன் முகத்தையும் கைகளையும் அப்படி வெட்டிக்கொண்டும் விநோத சப்தம் செய்துகொண்டும் இருந்தவர். டூரெட் என்றே இன்று பலரும் கருதுகின்றனர். 1735-ல் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கேட்டதற்கு, கர்வி என்பது ஒரு காரணமும், முகம் கோணுவது பையன்களைக் கெடுக்கும் என்பது ஒரு காரணமுமாய்ச் சொல்லிக் கைவிரித்துவிட்டார்கள். அவர் குழந்தையாயிருந்தபோது கண்டமாலை வந்ததற்கு, ராணி தொட்டால் தீரும் என்று நம்பி 1712-ல் லண்டனுக்குத் தூக்கிப் போய் ஆன் ராணியின் கையால் தொடவைத்தார்கள். ராணி தொட்டாள், தீரவில்லை. வெள்ளைக்காரனுக்கு மூளை அதிகம் என்று நம்புகின்றவர்களுக்காக இதைச் சொல்லுகின்றோம்.

1825-ல் பிரான்சில் இட்டார் என்கின்ற வைத்தியர், பிரபு குடும்பத்துச் சீமாட்டி ஒருத்தி ஏழு வயது முதல் உடம்பு வெட்டி, சபை நடுவில் தன்னையறியாமல் வசைமொழி கத்துவதைப் பற்றி எழுதினார். சந்தைக்காரி கத்தியிருந்தால் ஜாதிப்புத்தி என்றிருப்பார்கள். சீமாட்டி கத்தியதால் வியாதி என்று எழுதவேண்டி வந்தது. 1885-ல் பாரிஸ் நகரத்து சால்பெட்ரியர் ஆஸ்பத்திரியில் ஜில் தெ லா டூரெட் என்பவர் இவளையும் சேர்த்து ஒன்பது பேரைப் பற்றி எழுதவே அவர் பெயர் நிலைத்தது. இது ஆயுளுக்கும் தீராது என்று அவர் நினைத்தார். அது சரியல்லவென்று பின்னால் வந்தவர்கள் எடுத்துக் காட்டினார்கள். 1921-ல் பிராய்டின் சிஷ்யரான பெரென்ஸி என்பவர், இது அந்தரங்க இச்சையை அடக்கியதன் விளைவு என்று ஒரு புராணம் பாடினார். படித்தவர்கள் பாடிய புராணமானதால் அதையும் அநேக வருஷம் ஜனங்கள் நம்பித் தாய் தகப்பனைக் குற்றம் சாட்டினார்கள். 1961-ல் ஹாலோபெரிடால் என்னும் மருந்தைக் கொடுத்தபோது துடிப்பு அடங்குவது தெரிந்தது. அதன்பின் பெரென்ஸியின் புராணமும் மூட்டை கட்டப்பட்டது. டூரெட்டின் பெயரிலுள்ள வியாதியில் டூரெட்டே சொன்னதை மறுத்தவனை எவனும் நாஸ்திகன் என்று கல்லால் அடிக்கவில்லை. நாம் வைத்திய நூலுக்கு மரியாதை கொடுப்பது இதற்காகத்தானேயொழிய, வைத்தியர் சொன்னதெல்லாம் வேதம் என்பதற்காக அல்ல.

இனி வைத்தியம் என்ன என்று கேட்பீர்கள். பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு வைத்தியமும் வேண்டியதில்லை என்பதே முதல் பதில். கழுத்து வலிக்கவில்லை, படிப்பு கெடவில்லை, மற்ற பிள்ளைகள் கேலி செய்யவில்லை என்றால், இன்னதென்று வீட்டாருக்கும் வாத்தியாருக்கும் வகுப்புப் பிள்ளைகளுக்கும் எடுத்துச் சொல்லிவிட்டு, அதைப் பார்க்காதது போல் இருந்துவிடுவதே போதும். இதற்குக் காசும் செலவில்லை. அதனால்தான் இதை யாரும் சிபாரிசு செய்வதில்லை.

உபத்திரவமாய் இருந்தால் முதலில் செய்யவேண்டியது பயிற்சி. 1973-ல் அஸ்ரின், நன் என்கின்ற இரண்டு அமெரிக்கர்கள் கண்டறிந்து, பிறகு விருத்தி செய்யப்பட்டது. பிள்ளைக்கு அந்த முட்டல் வருவதை முதலில் கவனிக்கக் கற்றுக் கொடுக்கின்றார்கள். முட்டல் வந்ததும், அந்த அசைவு நடக்கவொட்டாத வேறொரு சாதாரணச் செய்கையை ஒரு நிமிஷமோ, முட்டல் தணியும் வரையிலோ செய்யவேண்டும். கழுத்து வெட்டுகின்றவன் மோவாயைச் சற்றுத் தாழ்த்திக் கழுத்தை மெல்ல இறுக்கி நிறுத்திக்கொள்வான். கனைக்கின்றவன் வாயை மூடி மூக்கினால் நிதானமாய் மூச்சு விடுவான். எந்த வேளையில், யார் எதிரில் அதிகமாகின்றது என்று பார்த்து வீட்டார் அந்தச் சந்தர்ப்பங்களை மாற்றுகின்றார்கள். இவ்வளவுதான் சங்கதி, மந்திரம் ஒன்றுமில்லை.

தானாகவே ஏறி இறங்குகின்ற வியாதிக்கு இந்தப் பயிற்சியால்தான் குறைந்தது என்று எப்படித் தெரியும் என்று நீங்கள் நம்மையே திருப்பிக் கேட்கவேண்டும். கேட்டால்தான் நீங்கள் பகுத்தறிவுக்காரர். 2010-ல் வெளியான அமெரிக்கச் சோதனையொன்றில் 9 முதல் 17 வயது வரையிலான 126 பிள்ளைகளைச் சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குப் பத்து வாரத்தில் எட்டுத் தடவை இந்தப் பயிற்சி. மறு பாதிக்கு அதே எட்டுத் தடவை ஆறுதலும் விளக்கமும் மாத்திரம். யார் எந்தப் பாதி என்று தெரியாத ஆளைக்கொண்டு மதிப்பிடச் செய்தார்கள். பயிற்சி பெற்றவர்களில் நூற்றுக்கு 52.5 பேருக்கு நன்றாய்க் குணம் தெரிந்தது. மற்றவர்களில் நூற்றுக்கு 18.5 பேருக்கு. தோழர்களே, அந்தப் பதினெட்டுப் பேரைக் கவனியுங்கள். பயிற்சி இல்லாமலே குறைந்தவர்கள் அவர்கள். பூசாரி தன் பெருமைக்கு ஊர் ஊராய்க் காட்டுகின்றவர்கள் இப்பேர்ப்பட்ட பதினெட்டுப் பேரே. மீதி எண்பத்திரண்டு பேரை அவர் காட்டுவதுமில்லை, நாம் கேட்பதுமில்லை.

பயிற்சியாலும் எல்லோருக்கும் குணமாகவில்லை என்பதையும் மேற்படி கணக்கே சொல்லுகின்றது. அது போதாதவர்களுக்கு மருந்து உண்டு. குளோனிடின், குவான்பசின், அரிப்பிப்ரசோல், ரிஸ்பெரிடோன் முதலியவை துடிப்பைக் குறைக்கின்றன, வேரோடு எடுப்பதில்லை. முதலிரண்டும் தூக்கத்தையும் ரத்த அழுத்தக் குறைவையும், மற்ற இரண்டும் உடம்பு பெருப்பதையும் சோர்வையும் சிலருக்குத் தசை விறைப்பையும் உண்டாக்கலாம். ஆதலால் வைத்தியர் பார்த்து அளவு வைத்துக் கொடுக்க வேண்டுமேயொழிய, பக்கத்து வீட்டுச் சீட்டைக் கொண்டுபோய் வாங்கிக் கொடுக்கக் கூடாது. திடீரென்று நிறுத்தவும் கூடாது. மூளையில் மின்கம்பி வைக்கும் சிகிச்சை, வேறொன்றாலும் அடங்காத வெகு சிலருக்கு. பயிற்சி தெரிந்தவர்கள் நம் நாட்டில் குறைவு என்பது உண்மை. ஆயினும் அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் மனநலப் பிரிவும் குழந்தைகள் பிரிவும் இருக்கின்றன. 2022 முதல் 14416 என்கின்ற எண்ணில் காசில்லாமல் தமிழிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

வைத்தியரிடம் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. துடிப்பதெல்லாம் டிக் அல்ல. தொண்டை வலி வந்து போன சில வாரத்திலோ மாதத்திலோ பிள்ளைக்குக் கைகால் நெளிந்து நெளிந்து ஆடி, கையிலிருக்கும் டம்ளர் நழுவி, எழுத்துக் கோணிப் போனால், அது கீல்வாதக் காய்ச்சலைச் சேர்ந்த வேறொரு வியாதியாய் இருக்கக்கூடும். அதற்கு இருதயத்தைப் பரிசோதித்துப் பென்சிலின் போடவேண்டும். அந்தப் பிள்ளையை வேப்பிலையால் அடித்துக்கொண்டிருக்கின்ற நாட்களில் அதன் இருதயக் கதவுகள் கெட்டுப்போகலாம்.

"சாமியையும் கும்பிட்டுக்கொள்வோம், வைத்தியரையும் பார்த்துக்கொள்வோம், கெடுதல் என்ன?" என்று சமரசம் பேசுகின்ற நண்பர்கள் இருக்கின்றார்கள். கெடுதல் காசு மாத்திரமல்ல. எட்டு வயதுப் பிள்ளையிடம் "உனக்குள்ளே ஒரு பேய் இருக்கிறது" என்று பெற்றவளே சொல்லிவிட்டால், கண் சிமிட்டல் பதினாறில் போன பிறகும் அந்தப் பேய் போகாது. மேலும், மந்திரிப்பது அடியில் ஆரம்பித்து எங்கே முடியும் என்பதை நாம் கண்டிருக்கின்றோம். 2001 ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலையில் ஏர்வாடியில் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தபோது, மனநோயாளிகள் என்று கொண்டுவந்து சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட வழியில்லாமல் 28 பேர் மாண்டார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்களில் அநேகர் விரோதிகளல்ல, சொந்த பந்துக்களே. 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடுத்திருக்கின்றது.

கடைசியாகப் பூசாரிகளுக்கும், ஹஜரத்துமார்களுக்கும், போதகர்களுக்கும், டானிக் வியாபாரிகளுக்கும் பொதுவாய் ஓர் ஏற்பாடு சொல்லுகின்றோம். டிக் உள்ள பிள்ளைகளின் பெற்றோர்கள் வீட்டுக் காலண்டரில் தினந்தோறும் சாயங்காலம், இன்றைக்கு அதிகம், நடுத்தரம், குறைவு என்று பிள்ளைக்குத் தெரியாமல் ஒரு குறி போட்டு ஆறு மாதம் வரட்டும். பிறகு பூசாரியிடம் போகட்டும். இன்ன தேதியிலிருந்து குறையும், இன்ன தேதி வரை திரும்பி வராது என்று அவர் முன்கூட்டியே வெள்ளைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். தக்ஷணையை அந்தத் தேதிக்கு மேல் வாங்கிக்கொள்ளட்டும். இதற்குச் சம்மதிக்கின்ற ஆள் ஒருவர் இருந்தாலும், அவர் பெயரையும் ஊரையும், காலண்டரையும் காகிதத்தையும் இப்பத்திரிகையில் அப்படியே பிரசுரிக்க நாம் தயாராயிருக்கின்றோம்.